பியானோவுக்கு அடியில் வயலின்

அக்கா முதல்முறையாக மேடையேற இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவள் பாட்டுக்காக, கீபோர்டில் பியானோ ஒலிக்கு அடியில் வயலின் ஒலியைச் சேர்த்து, இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்படி தம்பி மூன்றாவது தடவையாக அமைத்துக்கொண்டிருந்தான்.

"வயலின் என் குரலை முழுங்குதுடா" என்றாள் அக்கா. குறைத்தான்.

"இப்போ செத்தே போச்சு." ஏற்றினான்.

"எதுக்கும் பழசை ஒரு தடவை வாசிச்சுக் காட்டேன்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேமிக்காமல், பழைய அமைப்பைப் பதிந்துவைத்திருந்த எண்ணுக்குப் போனால் புதிதாகச் செய்தது அத்தனையும் அழிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படித்தான் அழிந்தது.

"இந்தத் தடவை சேமிச்சிட்டுக் காட்டறேன், தாயே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். அழுத்திய பிறகுதான் திரையைப் பார்த்தான். புதியது பழையதன் எண்ணிலேயே போய் உட்கார்ந்திருந்தது.

"பழசு இனிமே இல்லக்கா. அது மேலயே பதிஞ்சிட்டேன்."

அக்கா திட்டவில்லை. புதியதை வாசிக்கச் சொல்லி இரண்டு வரி பாடினாள்.

"வயலினே வேணாம். வெறும் பியானோ போதும்."

"இதை மத்தியானமே சொல்றதுக்கென்ன?"

"மத்தியானம் பயமா இருந்துச்சு. பின்னாடி நாலு பேர் நிக்கிற மாதிரி சத்தம் இருந்தா தேவலைன்னு தோணுச்சு."

"இப்போ பயம் இல்லையா?"

"இருக்கு. உன் மூஞ்சியப் பார்த்தா அதைவிடப் பயமா இருக்கு."