மெலனிக்குச் சோறு போடுபவர்

தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, "மாமி, இதில உங்கட கையெழுத்து வேணும்" என்றாள் என் மருமகள் மெலனி. நான் கோப்பையைத் தள்ளி வைத்தேனே தவிர தாளைத் தொடவில்லை.

கையெழுத்து என்றாலே எனக்குப் பழைய கதைதான் ஞாபகம் வரும். மன்னாரில் என் புருஷன் ஏர்னஸ்ட் வாத்தியாராக இருந்த காலத்தில், யசீகரன் என்ற சிநேகிதன் மீன்பிடி வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க வங்கியில் கடன் எடுத்தான். பிணைக்கு ஏர்னஸ்ட் கையெழுத்து வைத்தார். யசீகரன் வள்ளத்தோடு ராமேஸ்வரம் பக்கம் போனவன்தான், இன்றுவரை ஆளைக் காணோம். வங்கி விட்டதா? ஏர்னஸ்டின் சம்பளத்தில் வெட்டிக்கொண்டே இருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்தவர் கடன் தாளில் இந்த ஸ்ரெல்லாவின் பெயர் ஏறாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

"என்ன தாள் இது?"

"இங்கிலாந்தில படிக்கேக்க எடுத்த ஸ்ருடன்ட் லோன் மாமி."

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மெலனி சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய் வளர்ந்த மன்னார்ப் பிள்ளை. அங்கே படித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்தவள். என் மகன் ஷெல்டனைக் கட்டிக்கொண்டு போன வருஷம் ஓக்லாந்துக்கு வந்தாள். வேலை விசா இன்னும் கிடைக்காததால் இங்கே, நகரத்து ஓரத்து ரானுயியில், எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறாள். கலியாணம் பேசும்போது "கடன் கிடன் ஏதும் இருக்கோ?" என்று நானே வாய் திறந்து கேட்டேன். "ஒரு சதமும் இல்லை" என்றார் அவளுடைய தகப்பன், கண்ணைக்கூட இமைக்காமல்.

அதைச் சொல்லிக் காட்டினேன்.

"அப்பா பொய் சொல்லேல்லை மாமி. அங்க ஒருத்தரும் அதைக் கடன் எண்டு கணக்கெடுக்கிறேல்லை. வரி மாதிரிச் சம்பளத்திலயே கழிச்சுப் போடுவினம். சம்பளம் குறைவெண்டா ஒண்டும் கட்டத் தேவையில்லை."

"உனக்குத்தான் சம்பளமே இல்லையே. பிறகென்ன?"

"வெளிநாட்டில இருந்தா ஒவ்வொரு வருஷமும் அதை நிரூபிக்கவேணும். நிரூபிக்காட்டி அவையளே ஒரு தொகையைப் போட்டு மாசாமாசம் கேப்பினம். எனக்கு வருமானம் இல்லை, ஆரோ சோறு போடுகினம் எண்டு, அந்த ஆள் எழுதிக் குடுக்கவேணும்."

"அந்த ஆள் உன்ர புருஷன். அவன் வைக்கட்டும்."

"அவர் வச்சவர். திருப்பி அனுப்பிப் போட்டினம். அவற்ற சம்பளம் வந்த அண்டைக்கே முழுக்க உங்கட எக்கவுண்டுக்குப் போகுதெல்லே. இந்தக் காசு போற ஆள் ஆர், அவவிட்ட எழுதி வாங்கு எண்டுகினம்."

அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வீட்டு மோர்கேஜ் கடன் என் பெயரில். குடும்பம் என்றால் ஒரு பெட்டி, அதைப் பூட்ட ஒரு திறப்பு. முதல் சம்பளத்திலிருந்து ஷெல்டன் அப்படித்தான், எங்கள் ஆட்களில் பல வீடுகளில் அப்படித்தான். அதற்காக எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரன் என் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டுமா? இன்றைக்குச் சோறு போடுகிறேன் என்று எழுதி வாங்குவான், நாளைக்கு நீதானே போடுகிறாய், கடனையும் நீயே கட்டு என்பான். பிணையை வேறு உடுப்புப் போட்டுக் கூட்டி வந்தால் எனக்கு அடையாளம் தெரியாதா?

"இது பிணை இல்லை, ஸ்ரெல்லா. நானும் வாசிச்சுப் பாத்தனான்" என்றார் ஏர்னஸ்ட்.

"நீங்கள் வாசிச்சு வச்ச கையெழுத்தின்ர வடிவை நான் கண்டனான். பேசாம இருங்கோ."

மனுஷன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். மெலனி தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு அவள்மேல் இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியவே எழும்பி, ஏவன்டேல் சந்தைக்கு என்று ரயிலில் போவாள். நாங்கள் தேவாலயத்துப் பூசைக்குப் போகும்போது அவள் வருவதில்லை, பின்னேரப் பூசைக்குப் போவாளாம். அது போகட்டும். போகும்போது ஒரு பெரிய பை நிறைந்திருக்கும். வரும்போது அதில் ஒரு கட்டுக் கீரை கிடக்கும். சந்தைக்கு நிறைந்த பையோடு போய் வெறும் பையோடு வருகிற பெண்ணை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? என் வீட்டுச் சாமான் ஏதோ வெளியே போகிறது என்றுதான் நினைத்தேன். அலுமாரியிலிருந்த வெள்ளிக் கரண்டிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகவே இருந்தன. அதற்கும் சந்தேகம் தீரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு ஏர்னஸ்டைக் கார் எடுக்க வைத்தேன். "கடவுளுக்குக் கோபம் வரப்போகுது" என்றார். "அவருக்கு நான் பதில் சொல்லுறன், நீங்கள் காரை ஓடுங்கோ" என்றேன்.

சந்தையில் சேமங்கிழங்குக் குவியலையும் சீனாக்காரரின் கீரைக் கட்டுகளையும் தாண்டிப் போனால், பழைய சாமான் விற்கிற ஓரம் வரும். அங்கே நிலத்தில் ஒரு படுக்கை விரிப்பை விரித்து, அதன் பின்னால் மெலனி குந்தியிருந்தாள். அவளுடைய குளிர்க் கோட், முழங்கால்வரை வருகிற சப்பாத்து, கைப்பை, எல்லாம் விரிப்பில் கிடந்தன. நடுவில் ஒரு கிளிப்பச்சைச் சேலை. நிச்சயதார்த்தத்துக்கு நான் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த சேலை!

தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி அதன் முந்தானையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தமிழ் முகம் என்று திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா, இந்தப் புடவை அம்பது டாலர் பெறுமா? கொஞ்சம்கூட குறைக்க மாட்டேங்குறாங்க."

"அம்பதோ?" என்று கத்திவிட்டேன். "இருநூறுக்கு ஒரு சதம் குறைச்சாலும் குடுக்க ஏலாது!"

அந்தப் பெண் சேலையைப் போட்டுவிட்டு நழுவினாள். மெலனி நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, எழும்பவும் இல்லை.

"நான் தந்த சேலையைத் தெருவில போட்டு விக்கிறியோ?"

"உங்கட வீட்டுச் சாமான் ஒண்டும் எடுக்கேல்லை மாமி. எல்லாம் என்ரதான்." கரண்டி எண்ணினதையும் இவள் கண்டிருக்கிறாள். "அந்தத் தாள் போகும்வரைக்கும் லோன்காரர் காசு எடுப்பினம். அங்க சேமிச்சு வச்சது முடிஞ்சுது."

"ஷெல்டனிட்டக் கேக்கிறதுக்கென்ன?"

"அவர் உங்களிட்டத்தான் கேக்கவேணும். நீங்கள் ஏன் எண்டு கேப்பியள். உங்களுக்கு ஏன் எண்டு சொல்ல அவருக்குப் பயம்."

சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எழும்பு, வீட்ட போவம்" என்றேன். ஏர்னஸ்ட் மற்றச் சாமான்களைப் பையில் அடுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் "அந்தத் தாளைக் கொண்டா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஏர்னஸ்டை மொழிபெயர்க்க வைத்தேன், வரிக்கு வரி குறுக்குக் கேள்வி கேட்டேன். கடனைக் கட்டுவேன் என்று எங்கும் இல்லை. ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதற்கு நேரே.

"இதை ஏன் நிரப்பேல்லை?"

"அதை நீங்கள்தான் நிரப்பவேணும் மாமி. நான் பொய் எழுத மாட்டன்."

பேனையைப் பிடித்தபடி யோசித்தேன். சோறு போடுகிறேன். படுக்க அறை இருக்கிறது. கையில்? ரயிலுக்குக்கூட நான் ஒரு நாளும் ஒரு நோட்டுக் கொடுத்ததில்லை. அவளும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததையே திமிர் என்று எண்ணியிருந்தேன். உலகம் முழுக்க என்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று நான் காவலிருந்த வீட்டில், என் மகன் உழைத்த காசு என்னிடம் இருக்க, அவன் பெண்சாதி சந்தையில் சேலை விற்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு தொகையை எழுதினேன். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. பொய்த் தாளில் நான் கையெழுத்து வைப்பேனா? அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து, எழுதிய அதே தொகையை எடுத்து வந்து மெலனியின் முன்னால் வைத்தேன்.

"இந்தா. இந்த மாசத்துக்கு. இனி ஒவ்வொரு மாசமும் தருவன்."

அவள் காசைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நான் அந்தத் தாளைப் பார்த்தேனே, அதே பார்வை. கையை நீட்டவில்லை.

"மாமி," என்றாள் மெதுவாக, "இதை எப்ப திருப்பித் தரவேணும்?"