அரம் போட்ட குளம்பு

"வலப்பக்கம் முடிஞ்சிருச்சு. இடப்பக்கமாத் திருப்புங்க," என்றார் உடலைக் குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் மோதினார்.

மகன் தாஹா, அத்தாவின் தோளுக்கடியில் கைகொடுத்துத் திருப்பினான். நாற்பது வருடம் குதிரை வண்டி ஓட்டிய உடம்பு, மூன்றே நாள் ஆஸ்பத்திரியில் இவ்வளவு லேசாகிவிடுமா? விலா ஒடிந்த இடம் கருநீலமாகக் கன்றியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீரை மெல்ல ஊற்றினான்.

"பாவம், என்னைக்கும் கண்ணசராத மனுசன்," என்றார் தாய்மாமன் நைனா முகமது. தாஹா குனிந்து அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டான்.

தாஹாவுக்குச் சந்தையில் லாடம் கட்டுகிற வேலை. போன வாரம் அத்தா குதிரையை அவிழ்த்துக்கொண்டு வந்தபோது பத்து ஜோடி மாடு காத்திருந்தது. கைவசம் இருந்த குதிரை லாடம் ஒரு சுற்று சின்னது. புதிதாக இரும்பைக் காய்ச்சி அடித்திருக்க வேண்டும். மாட்டுக்காரர்கள் அவசரப்படுத்தவே, அந்தச் சின்ன லாடத்தையே வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குளம்பை அரத்தால் ராவித் தள்ளிவிட்டான். பார்க்க வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் குளம்பு காய்ந்து உடையும், ஓரத்தைச் சீவினால் ஆணிக்குப் பிடிமானம் இருக்காது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாததில்லை.

அத்தா குனிந்து தடவிப் பார்த்தார். "என்னடா, ஓரம் இம்புட்டு மெலிசா இருக்கு?"

"அதெல்லாம் ஒன்னும் ஆகாதுத்தா. ஓட்டிட்டுப் போங்க."

நாலாம் நாள் செக்காலை ரோட்டில் குளம்பின் ஓரம் பிளந்து, ஆணியோடு லாடம் பிய்ந்தது. குதிரை மடங்கி விழுந்தது. வண்டி குடை சாய்ந்து அத்தா சக்கரத்தடியில் கிடந்தார். உள்ளே சவாரி வந்த கல்யாணசுந்தரிக்குக் கை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வந்தார். அத்தா கட்டிலருகே நின்ற மகனை ஒரு தடவை பார்த்தார்.

"கண்ணசந்துட்டேன் சார்," என்றார். "கடிவாள வாரு கையை விட்டுப் போயிருச்சு. என் தப்பு."

அதற்குப் பிறகு இரண்டு நாள் உயிரோடு இருந்தார். லாடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து அத்தாவின் ஜனாஸாவைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்தார்கள். தொழவைக்குமுன் மகன் எழுந்து ஜமாஅத்திடம் தகப்பனுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். தொழவைக்கிற ஹஜ்ரத் தலையசைத்தார். தாஹா முன்னால் வந்து நின்றான்.

"எங்கத்தா காஜா மைதீன் ஹயாத்தா இருந்தப்ப யாருக்காச்சும் கெடுதல் செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டோம்," என்றது கூட்டம்.

கேட்டுக்கு வெளியே, கழற்றிய செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒருவர் கை கூப்பிக்கொண்டு நின்றார். கல்யாணசுந்தரியின் புருசன் மெய்யநாதன்.

"தம்பி, நாங்களும் மனசுல வச்சுக்கிறல," என்றார். "பாய் தூங்கிப்போனாகன்னு அவுக மேல ஒரு கோவமும் இல்ல. எங்க வீட்டுல சொல்லிட்டு வரச் சொன்னா."

எல்லோரும் திரும்பித் தாஹாவைப் பார்த்தார்கள். செய்யாத தப்புக்கு அத்தாவுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. தாஹாவுக்குத் தாங்கவில்லை.

"அத்தா தூங்கல," என்றான்.

அடுத்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் மெய்யநாதனின் கூப்பிய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மெய்யநாதன்தான் முதலில் பேசினார். "அவுகளே போலீஸ்ல சொன்னதாச்சே, தம்பி. சரி, விடுங்க."

"பெத்தவுகள விட்டுக்குடுக்க எந்தப் புள்ளைக்கு மனசு வரும்?" என்றார் மாமா பக்கத்திலிருந்தவரிடம். "காஜா குடுத்து வச்சவுக."

ஆமாம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். யாரோ அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தாஹா வாயைத் திறந்தான். ஹஜ்ரத் அதற்குள் முன்னால் போய் நின்று, வரிசையை நேர் செய்யச் சொல்லிவிட்டார்.

முதல் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி, நடுவில் அவனுக்கு இடம் விட்டார்கள்.