பின்வண்டிக்காரனிடம் சாவி

லாரி லைனில் எல்லாரும் அவரைச் சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் ஓயாத மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இன்ஜினை அணைத்தாலும் அவர் பேச்சை அணைக்க முடியாது. ஆனால் இரண்டு மாதமாக அந்த வாயும் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆலைகள் ஒரு ஷிஃப்டோடு கதவைச் சாத்திக்கொண்டன. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று வண்டியில் ஒரு கருவியை வேறு மாட்டிவிட்டார்கள். எட்டு முடிந்ததோ இல்லையோ, கீச்சுக் கீச்சென்று கத்தி மானத்தை வாங்கும். மாதம் பத்து நடை ஓடிய மனிதருக்கு இப்போது ஐந்து கிடைப்பதே பெரும்பாடு.

மிச்ச நாளெல்லாம் வீட்டில். சும்மா இருக்கிற வித்தை அவருக்குக் கைவரவில்லை. ஒரு நாள் சமையலறைக்குள் புகுந்து பாத்திரங்களை லோடு அடுக்குகிற மாதிரி அடுக்கிவைத்தார். கனமானவை அடியில், நடுவில். லேசானவை மேலே, ஓரத்தில். எது சரிந்தாலும் எதுவும் உடையாது. கரண்டி எங்கே என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றார் மனைவி.

"சொல்லு."

"லோடு இல்லாட்டியும் பரவாயில்ல, போய் லைன்லயே உக்காந்திருங்க. நீங்க வீட்டுல இருந்தா எனக்கு ரெண்டாள் வேலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த நோட்டீஸ்ல போட்டிருந்தாங்களே, இன்னும் ஒண்ணுதானே?" என்று அடுப்பைப் பார்த்தபடி கேட்டார்.

ஒன்றுதான். புக்கிங் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அது. மாதக் கடைசிக்குள் ஆறு நடை முடித்தவர்கள் நிரந்தரப் பட்டியலில் இருப்பார்கள். மற்றவர்களைத் தேவைப்படும்போது கூப்பிடுவார்களாம். தேவைப்படும்போது என்றால் என்ன அர்த்தம் என்று டிரைவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சைலன்சர் ஐந்து முடித்திருந்தார். அன்றைக்குத் தேதி இருபத்தேழு.

லைன் என்பது புக்கிங் ஆபீஸை ஒட்டிய நீண்ட சுவரோரம். வந்த வரிசையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதலில் நிற்பதற்கு முதல் லோடு. ஒரு வண்டி போனால் எல்லா வண்டியும் ஒரு இடம் முன்னே நகர வேண்டும். நாள் முழுக்க வண்டியிலேயே கிடக்க முடியுமா? குளிக்கக் கொள்ள, வீட்டுக்குப் போய் வர வேண்டாமா? அதற்காக டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர் தன் சாவியைப் பின்வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பின்வண்டிக்காரர் அதையும் நகர்த்திவைப்பார், லோடு வந்தால் போன் போடுவார். போன் போடாமல் முன்வண்டியைத் தாண்டிப் போனவரை ஒரு மாதத்துக்கு யாரும் லைனில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எழுதிவைத்த சட்டம் கிடையாது. ஆனால் இதுவரை யாரும் மீறியதில்லை. யார் இல்லாமல் போனால் யாருக்கு லாபமோ அவர் கையிலேயே சாவி இருக்கிறது என்பது, லோடு கொட்டிக் கிடந்த காலத்தில் ஒருத்தர் புத்தியிலும் உறைக்கவில்லை.

அன்று முதல் வண்டி மப்ளர் அண்ணனுடையது. வெயிலோ மழையோ கழுத்தில் மப்ளர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. சைலன்சர் வண்டி ஓட்ட வந்த புதிதில் மலைப்பாதையில் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தவர் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக ஒரே லைனில் நிற்கிறவர்கள், அவ்வளவுதான். ஒருவர் பீடியை மற்றவர் குடிப்பார்.

பத்து மணிக்கு அவர் சாவியை நீட்டினார்.

"தம்பி, உங்க அண்ணிக்கு இன்னைக்குக் கண்கட்டு பிரிக்கிறாங்க. ஆஸ்பத்திரி இங்கதான், பத்து நிமிஷம். லோடு வந்தா ஒரு போன் போடு, ஓடி வந்துடுறேன்."

"போங்கண்ணே, நான் பாத்துக்கிறேன். அண்ணி முதல்ல உங்க மூஞ்சியைப் பாத்துப் பயந்துடப் போறாங்க, பக்குவமா நில்லுங்க" என்றார் சைலன்சர். அண்ணன் சிரித்துக்கொண்டே போனார்.

பதினொன்றரைக்கு புக்கிங் கிளார்க் கையில் ஒரே ஒரு சீட்டோடு வந்தார்.

"நாலு நாள் ஓட்டம். இன்னைக்கு வேற லோடு இல்ல. முதல் வண்டி யாருது?"

"மப்ளர் அண்ணனோடது சார்."

"ஆளு எங்க?"

சைலன்சரின் கை சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் அண்ணனின் சாவி. அண்ணன் ஆறு நடையை எப்போதோ முடித்திருப்பார், அவருக்கென்ன அவசரம் என்று தோன்றியது. கேட்டுப் பார்த்தது கிடையாது. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதாலேயே கேட்காமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்வானேன் என்றும் தோன்றியது. வேண்டாத காரியத்துக்குக் காரணம் தேடினால் மனசு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கும்.

"ஆஸ்பத்திரி போயிருக்காரு சார். எப்ப வருவாருன்னு தெரியல."

"அப்ப அடுத்த வண்டி நீதானே? எடு."

எடுத்தார். பின்னால் நின்ற டார்ச்சு தன் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டில்கூட ஆணி தைத்த டயரைக் கண்டுபிடிக்கிற கண் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சைலன்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மனைவிக்கு மட்டும் போன் போட்டு "ஆறாவது கெடச்சிடுச்சு" என்றார். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சு அவருக்கு நூறு மைல் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

மாலையில் ரோட்டோரக் கடையில் டீ குடித்துவிட்டுச் சில்லறைக்காகப் பையில் கை விட்டார். சில்லறையோடு ஒரு சாவியும் வந்தது. தன் சாவி வண்டியிலேயே தொங்குகிறது. கையில் இருந்தது மப்ளர் அண்ணனுடையது.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முறையை எடுத்ததோடு நிற்காமல், அந்த மனிதரின் வண்டியையே நகர முடியாமல் செய்துவிட்டு வந்திருக்கிறார். மாற்றுச் சாவி முதலாளி வீட்டில், பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவு. திரும்பிப் போகலாமென்றால் கருவியில் மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். வந்த தூரத்தில் பாதிகூடத் தாண்ட முடியாது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. மப்ளர் அண்ணன்.

"தம்பி, சாவி உங்கிட்ட இருக்கா?"

"இருக்குண்ணே" என்றார் சைலன்சர்.

"அப்ப சரி. உன் கையிலேர்ந்து கீழ எங்கயாச்சும் விழுந்துச்சோன்னு தேடிட்டு இருந்தேன். மத்தியானம் எங்கேயோ கேன்சல் ஆன லோடு ஒண்ணு இங்க வந்துச்சு. டார்ச்சுதான் அடுத்த ஆளு. அண்ணன் வண்டி நிக்கும்போது நான் ஏத்த மாட்டேன்னு உக்காந்துட்டான். மாத்துச் சாவி பஸ்ல வர்ற வரைக்கும் கிளார்க்குக்கு டீ வாங்கிக் குடுத்தே நிறுத்தி வச்சிருந்தானுங்க எல்லாரும். இப்பத்தான் ஏத்தி முடிச்சேன்."

"உங்களுக்கு இது எத்தனாவது நடைண்ணே?"

"ஆறு."

கடைக்காரர் கிளாஸை எடுத்துப் போனார். சைலன்சர் கையிலிருந்த சில்லறையை இன்னும் கொடுக்கவில்லை.

"அண்ணே, நான் போன்..."

"லைன்ல கேட்டாங்க" என்று அண்ணன் குறுக்கிட்டார். குரலில் கோபம் இல்லை. "நீ போன் பண்ணுன, நான்தான் எடுத்துக்கன்னு சொன்னேன்னு சொல்லிட்டேன். டார்ச்சு நம்பல. ஆனா நான் சொன்னப்புறம் அவன் என்ன பண்ணுவான்? நீயும் அப்படியே சொல்லு. மாத்திச் சொல்லி என்னைப் பொய்க்காரனாக்கிடாத. வண்டியைப் பாத்து ஓட்டு."

வைத்துவிட்டார். அண்ணி கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லையே என்பது ஒன்றரை மணி நேரம் கழித்து, கருவி கத்தியபோதுதான் சைலன்சருக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள் காலையில் லைனுக்குத் திரும்பினார். பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அவர் பெயர் இருந்தது. மப்ளர் அண்ணன் பெயரும் இருந்தது. அண்ணனும் அன்றைக்குத்தான் சற்று முன்னால் வந்து சேர்ந்திருந்தார். ஆக, வரிசையின் கடைசியில் நின்ற அண்ணன் வண்டிக்குப் பின்னால் சைலன்சர் வண்டி. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சுகூட, "வாய்யா, ரோடெல்லாம் எப்படி?" என்றுதான் கேட்டார்.

சைலன்சர் மப்ளர் அண்ணனின் சாவியைத் துணியில் துடைத்து அவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். வழி நெடுக ஒத்திகை பார்த்துவைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டார்.

"தப்பு பண்ணிட்டேண்ணே" என்றார்.

"விடு தம்பி. ரெண்டு பேரு பேரும் இருக்குல்ல, அது போதும். உங்க அண்ணிக்கு இப்ப நல்லாத் தெரியுது. என் மப்ளர்ல அழுக்குன்னு சண்டைக்கு வர்றா." அண்ணன் டீ வாங்கித் தந்தார். பீடியைப் பாதியில் நீட்டினார். சைலன்சருக்கு நாலு நாளாக நெஞ்சில் ஏற்றியிருந்த லோடு இறங்கின மாதிரி இருந்தது. பழையபடி பேச ஆரம்பித்தார். கருவியைத் திட்டினார். அண்ணன் சிரித்தார்.

பத்து மணிக்கு அண்ணன் எழுந்தார். "அவளுக்குக் கண்ணுல மருந்து விடணும். போயிட்டு வந்துடுறேன்."

சைலன்சர் கையை நீட்டினார். பத்து வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்து லேசாக அழுத்திவிட்டு விட்டார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. பக்கத்துலதானே, வெரசா வந்துடுவேன்."

முன்னால் பதினோரு வண்டி நின்றது. அன்றைக்கு அவர் முறை வருவதற்கு வழியே இல்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தும் வேகவேகமாக நடந்தார், பாதி ஓட்டமாக. சுவர் முடிகிற இடத்தில் ஒரு தடவை நின்று, தன் வண்டி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.