நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு

அந்தத் தெருவில் யாரிடமும் கைநாட்டு வாங்கிவிட முடியாது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி நாற்பது வீடு. ஒரு காலத்தில் பண்ணையார் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி மனைக்கட்டுகளைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து காகிதத்தைக் கண்டாலே எல்லோரும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார்கள்.

அந்த விரல்களை நிமிர்த்தியது ரெத்தினம்தான்.

அதே தெருக்காரன், எட்டாவது படித்தவன், சைக்கிள் கடை வைத்திருந்தான். எழுபத்தொன்றில் ஓட்டு வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போன எம்.பி. மூன்று வருஷமாக ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. அப்படி வராத எம்.பி.யை ஓட்டுப் போட்டவர்களே இறக்கிவிடலாம் என்று அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவரக் கேட்டு ரெத்தினம் மனு எழுதினான். மாசி அறுப்பு முடிந்த கையோடு மனுவையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான்.

முதலில் காளியம்மாள் அத்தை வீடு. அவன் அப்பாவின் தங்கை. புருஷன் ஐயாவு செத்த பிறகும் பண்ணை நிலத்தில் மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, குத்தகைக்குத் தனியாளாகப் பயிர் வைப்பவள்.

"இந்திய மக்களாகிய நாம்னுதான் அத்தே அந்தச் சட்டம் ஆரம்பிக்குது. நாமதான் எழுதுனோம்."

"நானா? எனக்குத் தெரியாம எப்படா எழுதுனேன்?"

"எல்லாரும் சேந்து எழுதுன மாதிரி. நாம எழுதுனத நாம திருத்தலாம்ல?"

"உன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுற மாதிரி சொல்றியே!"

சிரித்துக்கொண்டேதான் விரலை நீட்டினாள். அவளே போட்டுவிட்டாள் என்றதும் தெருவே போட்டது. நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு. வைக்கப் பயந்தவர்களிடம், "இது நம்ம காகிதம், பயப்படாதீங்க" என்று அவன்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சித்திரையில் பதில் வந்தது. நாலே வரி. அரசியல் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை நாடாளுமன்றத்தில்தான் கொண்டுவர முடியும், குடிமக்கள் மனுவால் திருத்த வழியில்லை, மனு பார்வையிடப்பட்டது.

ரெத்தினம் அதை மடித்துக் கடை டப்பாவுக்கு அடியில் வைத்தான். எந்த முகத்தோடு சொல்வது? யாராவது கேட்டால், "டெல்லி விஷயம், நாளாகும்" என்றான்.

பதில் வந்த ஒரு மாதத்துக்குள்தான் பண்ணையின் காரியக்காரர் கண்ணுசாமி தெருவுக்கு வந்தார். நேராகக் காளியம்மாள் வீட்டுக்கு.

"ரெத்தினம் மனுவுல ஒரு தாள் விட்டுப்போச்சாம். டெல்லியிலேருந்து கேட்டிருக்காங்க. இதுல ஒண்ணு வையிம்மா."

காளியம்மாள் வைத்தாள். அவளோடு இன்னும் ஆறு குத்தகைக்காரர்களும் வைத்தார்கள்.

குறுவைக்கு உழக் காளியம்மாள் ஏர் கட்டியபோது பண்ணையாள் வரப்பில் நின்று மறித்தான். ரெத்தினம் அத்தையைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடினான். தாசில்தார் தாளைத் திருப்பிக் காட்டினார். குத்தகை நிலத்தை மனமொத்து விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தது. அடியில் கைநாட்டு.

"இது உங்க கைநாட்டுத்தானேம்மா?"

"என்னுதுதாங்க. ஆனா இது டெல்லிக்குப் போறதுன்னு சொன்னாங்க."

"டெல்லிக்கா? யாரு சொன்னது?"

அவள் ரெத்தினத்தைப் பார்த்தாள். அங்கேயே, மேசை முன்னால் நின்றபடியே அவன் நாலு வரிப் பதிலைப் பற்றிச் சொன்னான். எப்போது வந்தது என்று அவள் கேட்டாள். சித்திரையில் என்றான்.

"சித்திரையிலயே சொல்லியிருந்தா அந்தாளு வந்தப்ப, 'மனுதான் முடிஞ்சுபோச்சே, ஏதுய்யா தாளு'ன்னு கேட்டிருப்பேனேடா."

வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். "அவ்வளவு பெரிய சட்டத்தையே நாம திருத்தலாம்னியே. இந்த ஒத்தக் காயிதத்தத் திருத்த வழியில்லையா?" என்றாள். குத்தலாக இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

வக்கீல் வைத்தான், அலைந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவள் ஏமாற்றப்பட்டாள் என்று நிரூபிக்கச் சாட்சி கேட்டார்கள். சாட்சிக் காகிதத்தில் கைநாட்டு வைக்கத் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை. ரெத்தினம் மைப்பெட்டியோடு போனபோது கதவுகள் சாத்திக்கொண்டன. அவர்களைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஆனியில் தண்ணீர் வந்தது. காளியம்மாள் அதே மூன்று மாவில் கூலிக்கு நாற்று நட இறங்கினாள். ரெத்தினம் கடைக்குப் போக அந்த வயல் வரப்புத்தான் குறுக்குவழி. அந்த வருஷம் முழுக்க அவன் தார்ரோட்டைச் சுற்றியே போனான்.