கூடிருந்த கிளைகள்

மரம் வெட்டுகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாதி உயரம் ஏறிய பிறகு குனிந்து கேட்டார். "ஐயா, மேல கூடெல்லாம் இருக்கு. குஞ்சு கத்துது. வெட்டிடவா?"

போதகர் ஆலய வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மகள் கல்யாண உடையை வாங்கத் தையற்கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் இந்த நேரத்துக்கு ஆளை வரச் சொல்லியிருந்தார்.

"வெட்டுங்க," என்றார்.

குஞ்சுகள் இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. காலை ஜெபத்துக்கு முழங்காலிடும்போது ஜன்னல் வழியாக முதலில் வருவது அந்தச் சத்தம்தான். நாளாக ஆக அது தடித்து வருவதைக்கூடக் கவனித்திருந்தார். போன மாதம்தான் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி மரக்கன்றுகள் நட்டார். ஆண்டவர் தோட்டத்தை நம்மிடம் விட்டது பார்த்துக்கொள்ளத்தான், நம் பேருக்கு எழுதிக்கொள்ள அல்ல என்று அன்று பிரசங்கத்தில் சொன்னபோது சபையே சிரித்தது. ஆனால் கல்யாணம் பேச வந்த அன்று, சம்பந்தி காரை விட்டு இந்த மரத்தடியில் இறங்கியதும் அவருடைய கோட்டின் தோளில் எச்சம் விழுந்தது. "உங்க கொக்கு உங்களை முந்திக்கிட்டு ஆசீர்வாதம் பண்ணிடுச்சே," என்றார் சம்பந்தி, துடைத்துக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அதற்குப் பிறகு அவர் தொண்டையில் முள்ளாகவே நின்றுவிட்டது.

முதல் கிளை விழுந்ததும் மரத்திலிருந்த கொக்குகளின் வெள்ளை மொத்தமும் ஒரே வீச்சில் எழும்பியது. கீழே இலைக்குவியலுக்குள் சுள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவற்றினூடே, இறகு முளைக்காத கழுத்துகள். சில அசைந்தன. போதகர் ஒரு சாக்கை எடுத்துவந்து பொறுக்க ஆரம்பித்தார். மகளின் கண்ணில் படாமல் அப்புறப்படுத்திவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒரு குஞ்சைத் தூக்கியதும் அது பயத்தில் அவர் உள்ளங்கையிலேயே கக்கியது. பாதி செரித்த சின்ன மீன்கள், இன்னும் வெதுவெதுப்பாக. தாய் சற்றுமுன் கொடுத்தது. கையை உதறக்கூடத் தோன்றாமல் நின்றார்.

மகள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மார்போடு அணைத்த உடைப் பையுடன் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா இது?"

"வர்றவங்க துணியெல்லாம் வீணாயிடுமேன்னு... உன் கல்யாணத்துக்குத்தாம்மா."

"நான் கேட்டேனா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "இதை என் தலையில போடாதீங்கப்பா."

பையை ஆலயப் படியில் வைத்துவிட்டு இலைகளுக்குள் மண்டியிட்டாள். போதகரின் மனைவி வீட்டுச் சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள். "ஏங்க, ஒரு குருவி விழுந்தாலும் ஆண்டவருக்குத் தெரியும்னு இனிமே எப்படிங்க பிரசங்கம் பண்ணுவீங்க?" என்றாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அதுதான் அவரைச் சுட்டது.

பிழைத்தது ஒன்றே ஒன்று. அதை ஆலயத்தின் பக்க அறையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மகளே பார்த்துக்கொண்டாள். அப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

கல்யாணத்தன்று மரத்தடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சம்பந்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நம்ம கோட்டுக்காக மரத்தையே மொட்டையடிச்சிட்டீங்களே," என்று மெச்சிக்கொண்டார். போதகருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உள்ளே, மணமக்கள் வாக்குக் கொடுக்கும் முன் சபை அமைதியானபோது பக்க அறையிலிருந்து குஞ்சு கத்தியது. போதகரின் குரல் உடைந்தது. விட்ட இடம் புத்தகத்தில் கிடைக்கவில்லை. பெண்ணைப் பிரிகிற அப்பா அல்லவா என்று முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் படம் எடுக்க வெளியே போனபோது மகள் பக்க அறைக்குள் நுழைந்தாள். அவரும் அங்கியோடு பின்னாலேயே போனார்.

"நான் போயிட்டா இதுக்கு யாருப்பா தீனி போடுவா?" என்றாள் பெட்டியைப் பார்த்தபடி.

அவள் மீன்துண்டுகள் இருந்த கிண்ணத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, கல்யாண உடையின் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

போதகர் பெட்டியருகே முழங்காலிட்டார். ஒரு மீன்துண்டை எடுத்து நீட்டினார். குஞ்சு யார் கை என்று பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, வாயை அகலத் திறந்தது.