மூன்றாம் மாதிரியின் வால்

கார் கொட்டகையில்தான், எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் அந்த கிளைடரைக் கட்டத் தொடங்கினார்கள். இறக்கை வளர வளரக் கொட்டகை போதவில்லை. அண்ணன் சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை போட்டு, இறக்கையின் நுனியைப் படுக்கையறைக்குள் விட்டார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அது மூன்று வருடம் குடியிருந்தது. வாடகை கேட்க முடியாத குடித்தனம். அண்ணி தினமும் அதன் கீழே குனிந்துதான் எழுந்து வருவார்.

"நான் நிமிர்ந்து நடக்கணும்னா கடைக்குத்தான் போகணும். இதுல ஏறி உக்காருன்னு மட்டும் என்கிட்ட கேட்றாதீங்க. கூட குடித்தனம் பண்ணினதே போதும்" என்பார்.

அண்ணி மருந்துக் கடை வைத்திருப்பவர். அண்ணன் நாற்காலி, அலமாரி செய்யும் தச்சர். அண்ணனின் தம்பி பல் டாக்டர். மூவரும் ஊர்க்கோடியில் இருக்கும் கிளைடர் மன்றத்தில் உறுப்பினர்கள். தம்பியும் அண்ணியும் நன்றாகப் பறப்பார்கள். அண்ணனுக்கு ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் போனால் தலை சுற்றும். ஆகவே அவர் விமான வடிவமைப்பைக் கவனித்துக்கொண்டார்.

மன்றத்தைத் தொடங்கியவர்கள் அந்தக் காலத்தில் சொந்தமாக இரண்டு மர கிளைடர்கள் கட்டினார்கள். முதல் மாதிரி பரம சாது. கையை எடுத்துவிட்டுத் தலை சீவினாலும் நேராகப் போகும். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் போன இடத்திலேயே நின்றுவிடும். கீழே சைக்கிளில் போகிறவர் முந்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். இரண்டாம் மாதிரியில் இறக்கையை நீட்டி, மெலிதாக்கினார்கள். வேகம் வந்தது, கூடவே குணமும் வந்தது. இடப்பக்கம் திரும்ப ஓட்டுகிற குச்சியைத் தள்ளினால் இறக்கை கலந்தாலோசித்துவிட்டுத்தான் சாயும். அதற்குள் மூக்கு வலப்பக்கம் திரும்பி முறைத்துக்கொள்ளும். காலால் சுக்கானை மிதித்து இருவரையும் சமாதானம் செய்யவேண்டும். ஒரு மணி நேரம் பறந்து இறங்கியவர்கள் பஞ்சாயத்துக்குப் போய்வந்தவர்கள் போல இருப்பார்கள்.

மூன்றாம் மாதிரி வரைபடத்தோடு நின்றது. காரணம் வால். பெரிய வால் வைத்தால் கிளைடர் ஆடாமல் போகும், ஆனால் காற்றில் உரசி வேகம் குறையும். சின்ன வால் வைத்தால் வேகம் வரும், ஆனால் மூக்கு மேலும் கீழும் ஆடலாம். பாதிப்பேர் பெரிது என்றார்கள், பாதிப்பேர் சிறிது என்றார்கள். மன்றமே இரண்டாக உடைந்து, தண்ணீர்ப் பானைகூட இரண்டு வாங்கினார்களாம்.

அண்ணன் அந்த வரைபடத்தை எடுத்து, கணக்குப் போட்டு, சின்ன வால் வைத்தார். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகும் என்பது அவர் கணக்கு. நான்கு வருட உழைப்பும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை விமானத் துறையின் பரிசோதகர் வந்து பார்ப்பார். சரி என்றால் பறக்க அனுமதி. இல்லை என்றால் வாலை அறுத்துப் பெரிதாக்க வேண்டும். பிறகு அது நீளமான முதல் மாதிரி, அவ்வளவுதான்.

கடைசி ஒரு வருடம் அண்ணனுக்கு எடைப் பித்து பிடித்தது. ஒவ்வொரு கிராமும் எதிரி. இருக்கைப் பலகையில் ஓட்டைகள் போட்டார். சமையலறைத் தராசு கொட்டகைக்குக் குடிபோனது. திருகாணிகளை நிறுத்து, கொழுத்தவற்றை நிராகரித்தார். அண்ணி இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்ததும் அண்ணன் ஒன்றைச் சுரண்டச் சொன்னார்.

"ஒரு பூச்சு போதும். இது என்ன கல்யாண மேடையா?"

"உங்களைத்தான் சுரண்டணும்" என்றார் அண்ணி. சுரண்டவும் செய்தார்.

சனிக்கிழமை காலை, கிளைடரைக் கொண்டுபோய் வைத்திருந்த மன்றத்துக் கொட்டகைக்குப் பரிசோதகர் வந்தார். மெலிந்த, வார்த்தைகளைச் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கிற மனிதர். கிளைடரைச் சுற்றி வந்தார். ஒட்டுகளைத் தட்டிப் பார்த்தார். வாலருகே நின்று "சின்னது" என்றார்.

"கணக்கு இருக்கு சார்" என்றார் அண்ணன்.

"பைலட் எடை?"

"எண்பத்திரண்டு. அதை வச்சுத்தான் கணக்கே." தம்பியின் எடை அண்ணனுக்கு மனப்பாடம்.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரித்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

இழுவை விமானம் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போனது. உயரத்தில் கயிற்றைக் கழற்றியதும் கிளைடர் தனியானது. தனியானதும் துள்ளத் தொடங்கியது. மூக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இப்போதுதான் நடக்கக் கற்ற ஆட்டுக்குட்டி புல்லைப் பார்த்தால் அப்படித்தான் செய்யும். அண்ணன் ஒவ்வொரு துள்ளலுக்கும் தானும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். தம்பி சீக்கிரமே இறங்கிவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சுண்டு விரலால தொட்டாலே மூக்கு வானத்தைப் பாக்குதுண்ணே. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன். பல்லைக் கடிக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு நான்."

பரிசோதகர் இரண்டு வார்த்தை செலவழித்தார். "வால் போதல."

அண்ணன் கருவிப் பெட்டியைத் திறந்து ரம்பத்தை எடுத்தார். அதைத் துணியால் துடைத்தார். முன்பே சுத்தமாக இருந்ததை மறுபடி துடைத்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை என்று அண்ணிக்குத் தோன்றியது.

"முதல்ல சாப்பிடுங்க. பட்டினியா இருந்தா கோணலாத்தான் அறுப்பீங்க" என்று அண்ணி கொட்டகை வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்தார். பரிசோதகருக்கும் ஒரு தட்டு போட்டார். தம்பி தன் பையிலிருந்து தனி டப்பா ஒன்றை எடுத்தார். அதில் நான்கு வெள்ளரித் துண்டுகள் இருந்தன.

"என்ன தம்பி இது? வயித்துக்கா, கண்ணுல வைக்கவா?"

"போதும் அண்ணி. வயிறு ஃபுல்லா இருக்கு" என்று தம்பி தண்ணீர் எடுக்க எழுந்தார். அவர் எழுந்துவிட்டார், கால்சட்டை எழத் தாமதித்தது. பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "தம்பி, இப்ப எத்தனை கிலோ?"

"அது... அண்ணனுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"எத்தனை?"

"அறுபத்தி ஒம்பது."

தம்பி பெருமையோடு தொடர்ந்தார். "அண்ணன் ஒரு கிராமுக்கு ஒரு நாள் பூரா மரத்தை ராவுறாரு. நான் பதிமூணு கிலோ குறைச்சிருக்கேன். அவர் ஓட்டை போட்ட பலகை எல்லாம் சேத்தாக்கூட அவ்வளவு வராது. சாயங்காலம் ஓடினேன். சர்க்கரையை விட்டேன். பறந்து முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அண்ணன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "அடப்பாவி. நீ உக்கார்ற எடம் மூக்குப் பக்கம்டா. அங்க பதிமூணு கிலோ காணாமப்போனா வண்டி வால் பக்கமா குந்தும். குந்தின வண்டி துள்ளாம என்ன செய்யும்?"

"எடை குறைஞ்சா நல்லதுன்னு நீதானே நாலு வருஷமா சொன்னே?"

"மரத்தைச் சொன்னேன். மனுஷனையா சொன்னேன்?"

"பறக்கத் தெரிஞ்ச ஆளுதானே நீங்க? இது தெரியாதா?" என்றார் அண்ணி.

"தெரியும் அண்ணி. ரெண்டு மூணு கிலோவோட நிறுத்தலாம்னுதான் பாத்தேன். ஆரம்பிச்சா நிக்கமாட்டேங்குது. எல்லாரும் வயசு குறைஞ்சிருச்சுன்னாங்க."

அந்த வீட்டில் திருகாணிமுதல் தேநீர்க் கரண்டிவரை தராசில் ஏறியாயிற்று. விமானத்தின் மிகப் பெரிய பாகத்தை மட்டும் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பரிசோதகர் மென்றுகொண்டே தலையை ஆட்டினார். அண்ணன் ஒரு பலகையில் பென்சிலால் கணக்குப் போட்டு அவரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை சரிபார்த்தார்.

"எண்பதுக்கு மேல ஒருத்தர் ஓட்டினா, இன்னொரு தடவை பாக்கிறேன். மூணு மணிக்குக் கிளம்பணும்."

குறைந்த எடைக்கு ஈடாக மூக்கில் ஈயக் கட்டிகளை அளந்து, வார்த்து, முறையாகப் பொருத்த ஒரு வாரமாகும். அதற்குப்பின் அவர் எப்போது வருவாரோ. எண்பதுக்கு மேல் இருப்பவர், இந்த வகை கிளைடர் ஓட்டத் தெரிந்தவர், இப்போது இங்கே இருப்பவர். அண்ணனும் தம்பியும் அண்ணியைப் பார்க்கக்கூடாது என்பதற்காகக் கூரை, தரை, பரிசோதகரின் தட்டு என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "சார், எழுதிக்குங்க. எண்பத்தி மூணு." பிறகு மற்ற இருவரிடமும், "இந்த நம்பர் இந்தக் கொட்டகையை விட்டு வெளியே போச்சுன்னா, யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"ஏறமாட்டேன்னு சொன்னியேம்மா" என்றார் அண்ணன் மெதுவாக.

"மூணு வருஷம் இதுக்குக் கீழே குனிஞ்சிருக்கேன். ஒரு நாளாவது இது எனக்குக் கீழே இருக்கட்டும்."

பரிசோதகர் சொல்லும்வரை காத்திராமல், கிளைடரை எடை போட வைத்திருந்த தராசுப் பலகையில் அண்ணி ஏறி நின்று காட்டினார். அவர் சொன்னது சரியாக இருந்தது.

இந்த முறை கயிறு கழன்றதும் கிளைடர் துள்ளவில்லை. கோடு கிழித்ததுபோலப் போனது. இடப்பக்கம் சாய்ந்தது, மூக்கு முறைக்கவில்லை. வலப்பக்கம் சாய்ந்தது. வேகம் எடுத்தது, குறைத்தது, ஏறக்குறைய நின்றது. அப்போதும் ஒரு பக்கமாகக் கவிழாமல் மூக்கைப் பணிவாகத் தாழ்த்தி மறுபடி பறந்தது. செங்கல் சூளைக்கு மேலே சூடான காற்று கிடைத்ததும் நெருக்கமாகச் சுற்றி ஏறத் தொடங்கியது.

"போதும், இறங்கச் சொல்லுங்க" என்றார் பரிசோதகர்.

தம்பி ரேடியோவை எடுத்தார். "அண்ணி, சார் இறங்கச் சொல்றாரு."

"கேக்கல" என்றார் அண்ணி மிகத் தெளிவாக.

அவர் இறங்கி வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பரிசோதகர் கிளம்பவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். கிளைடர் தரையைத் தொட மனமில்லாமல் புல்லுக்கு ஒரு சாண் மேலேயே மிதந்து, மைதானம் முழுவதையும் தாண்டி, வேலிக்குச் சற்று முன்னால் போய்த்தான் உட்கார்ந்தது. அண்ணன் ஓடினார். தம்பி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பரிசோதகர் நடந்தே வந்து சேர்ந்து, அனுமதித் தாள்களில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

அண்ணி கண்ணாடி மூடியைத் திறந்தார். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்குள் அண்ணியே ஆரம்பித்தார்.

"சீட்டு குத்துது. இடது கால் நீட்ட முடியல. இறங்குறப்போ நிறுத்துற பலகை இன்னும் பெருசா வேணும், இல்லேன்னா அடுத்த ஊர்லதான் இறங்கணும்."

"சரி. வாலு?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "வாலா? அப்படி ஒண்ணு இருந்ததே ஞாபகம் வரல."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு கிளைடரின் பின்பக்கம் போனார். வாலில் வார்னிஷ் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் நிமிரும்வரை யாரும் அவரைக் கூப்பிடவில்லை.