வயிற்றில் இறங்கிய ஆத்தாள்

பாகூர்ச் சாயப்பட்டறையில் தாகத்துக்குத் தண்ணீர் என்று காரநீரை எடுத்துக் குடித்தான் தணிகைவேல். உயிர் தப்பியது, தொண்டை தப்பவில்லை. வெந்து சுருங்கி, எச்சில்கூட இறங்காமல் அடைத்துக்கொண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகி அனுப்பினார்கள். இனி அதுதான் அவனுக்கு வாய்.

அவன் மனைவி செங்கமலம் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, புனல் வைத்து ஊற்றி, பின்னாலேயே வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவுவாள். குழாய் விழுந்தால் உடனே செருகிக்கொண்டு ஓடிவா, விட்டால் துளை தூர்ந்துவிடும் என்று ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஆடி மாதத்தில் குழாயைக் கட்டிய நாடா தளர்ந்து, துளையோரம் கசிந்தது. கசிந்த வழியெல்லாம் தோல் சிவந்து கொப்பளித்தது. மாமியார் பவுனம்மாள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டாடி!"

"இல்ல அத்த. உள்ளேர்ந்து வர்ற தண்ணி பட்டுப் புண்ணாயிருக்கு. மூஞ்சில ஒண்ணுகூட இல்ல பாருங்க."

"வவுத்துல எறங்கியிருக்கா. அவளுக்கே நீ எடம் காட்டுறியா?"

அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது, வைத்தியர் கூடாது. வாசலில் வேப்பிலை ஏறிவிட்டால் எந்த வண்டிக்காரனும் அங்கே மாடு பூட்ட மாட்டான். பவுனம்மாள் வேப்பிலை கட்டிய கையோடு குழாயிலும் கை வைத்தாள்.

செங்கமலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு அதான் வாயி, அத்த!"

"ஆத்தா இருக்குற ஒடம்புல ரப்பரா? கோச்சுக்கிட்டான்னா கண்ணப் புடுங்கிட்டுப் போயிடுவா."

அந்தப் பேச்சுதான் அவளைச் சாய்த்தது. அவள் தம்பிக்கு அம்மையில் இரண்டு கண்ணும் போயிருந்தன. பிடித்த கையை விட்டாள். பவுனம்மாள் குழாயை உருவி மூலையில் போட்டாள். விட்டிருக்கக் கூடாது, பாவி!

மறுநாள் மத்தியானம் அவன் பசியில் துவண்டு கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமியார் குளத்துக்குப் போன நேரம் பார்த்துக் கஞ்சியை வடிகட்டினாள், குழாயைக் கழுவினாள், அவன் வயிற்றின் மேலிருந்த வேப்பிலையை விலக்கினாள். துளை இருந்த இடத்தில் ஒரு சிவந்த சுழி மட்டும் இருந்தது. குழாயின் நுனிகூட நுழையவில்லை. அழுத்தினால் அவன் துடித்தான்.

ஈரப் புடவையோடு உள்ளே வந்த பவுனம்மாள் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது.

"பாத்தியாடி! ஓட்டையயே மூடிட்டா! எங்கம்மா எம்புள்ளய பழையபடி ஆக்கிட்டா!"

அழுதுகொண்டே சிரித்தாள். கஞ்சிக் கிண்ணத்தை மருமகள் கையிலிருந்து வாங்கி, மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாயத் தொற, ராசா."

பெற்றவள் சொன்னதும் அவன் திறந்தான். ஊற்றிய கஞ்சி இருமலோடு திரும்பி வந்து தாடையில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள்.

செங்கமலம் வாசலுக்கு ஓடி வேப்பிலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, வண்டி, வண்டி என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு போனாள். ஆத்தாளை விரட்டியவள் வருகிறாள் என்று ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்தினார்கள்.